வியாழன் ராத்திரி பெங்களூரில் உட்கார்ந்து சனிக்கிழமை அலையைப் படிப்பது எப்படி?

ஹலசூர்க்கரை

எல்லாருக்கும் வணக்கம். சர்ஃப் (அலைச்சறுக்கு) பள்ளியில், ஏற்கெனவே உடைஞ்சு வர்ற வெண்நுரை அலையில் எழுந்து நிற்கக் கத்துக்கிட்டு, இப்போ உடையாத அலைக்குப் போக நினைக்கிறவங்களுக்காக இந்த இழை. இங்கேயிருந்து சென்னைப் பக்கத்துக் கோவளம் கிட்டத்தட்ட 350 கிலோமீட்டர். வியாழன் ராத்திரி முன்னறிவிப்பைப் பார்த்துத்தான் வெள்ளி ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போட முடியும். முதல் கேள்வி: இந்த வாரம் "1 மீட்டர், 14 நொடி, தென்கிழக்கு" என்று வருது. போன வாரம் "1.5 மீட்டர், 7 நொடி" என்று வந்தது. எது நல்ல அலை? ரெண்டாவது: அலை வரும்போது எந்த இடத்துல, எந்த நேரத்துல பேடில் பண்ணணும்னு (போர்டுல படுத்துக் கையால துழாவணும்னு) எதை வச்சு முடிவு பண்றது?

கச்சான்காத்து

உயரத்தை மட்டும் பார்த்து டிக்கெட் போடாதீங்க. அதுக்குப் பக்கத்துல இருக்கிற நொடிதான் அலையோட ஜாதகம். ஒரு முகடு போனபிறகு அடுத்த முகடு வர எடுக்கிற நேரம் அது.

காத்து எவ்வளவு வேகமா, எவ்வளவு நேரம், எவ்வளவு நீளமான கடல் பரப்புமேல அடிக்குதோ, அதைப் பொறுத்துத்தான் அலை பிறக்குது. 6, 7 நொடி அலைன்னா பக்கத்துல வங்காள விரிகுடாவுலயே அடிச்ச காத்து கிளப்பினது. 14 நொடி அலை அப்படி இல்லை. இந்தியப் பெருங்கடலோட தென்கோடியில புயல் அடிச்சு, அங்கேயிருந்து நாள்கணக்கா பயணம் பண்ணி வருது. ஆழ்கடல்ல அலைக்கூட்டம் போற வேகத்தைக் கணக்குப் போடறது சுலபம்: நொடியை 0.78-ஆல் பெருக்கினா மீட்டர் கணக்குல வேகம். 15 நொடி அலைன்னா நொடிக்கு 11.7 மீட்டர், அதாவது மணிக்கு 42 கிலோமீட்டர். 6000 கிலோமீட்டர் தாண்ட ஏறக்குறைய 6 நாள். அதனாலதான் தூரத்து அலையை வியாழக்கிழமையே ஓரளவு நம்பலாம். அது ஏற்கெனவே கிளம்பி வந்துட்டிருக்கு. உள்ளூர்க் காத்து அலைக்கு அந்த உத்தரவாதம் கிடையாது, காத்து மாறினா அதுவும் மாறும்.

அலைநீளம் வேணும்னா நொடியை நொடியாலயே பெருக்கி, அப்புறம் 1.56-ஆல் பெருக்குங்க. 7 நொடிக்கு சுமார் 76 மீட்டர், 14 நொடிக்கு சுமார் 306 மீட்டர். அலைநீளத்துல பாதி ஆழத்துக்கு வந்ததுமே அலை தரையை உணர ஆரம்பிச்சிடும். 7 நொடி அலைக்கு அது 38 மீட்டர் ஆழம், 14 நொடி அலைக்கு 150 மீட்டர். ரொம்ப வெளியிலேயே தரை அதைப் பிடிச்சு இழுத்து, வளைச்சு, நிமிர்த்த ஆரம்பிக்குது.

மடிவாளா_எட்டடி

அப்போ பதில் எளிது. நொடி இரட்டிப்புன்னா சக்தியும் இரட்டிப்பு. 14 நொடிதான், வேற பேச்சே இல்லை. 1 மீட்டர்னு போட்டிருந்தாலும் கரையில ஆளைவிடப் பெருசா நிக்கும்.

கச்சான்காத்து

நண்பரே, அது பாதிதான் சரி. அலை சுமந்துவர்ற சக்தி உயரத்தோட வர்க்கத்தை நொடியால் பெருக்கினதுக்கு ஏத்த மாதிரி கூடும். இங்கே நொடி இரட்டிப்பா இருந்தாலும் உயரம் குறைவு. 1 × 1 × 14 = 14. அந்தப் பக்கம் 1.5 × 1.5 × 7 = 15.75. ரெண்டும் ஏறக்குறைய சமம். நேராகக் கரைக்கு வர்ற அலைக்குக் கரையோரப் பொறியாளர்கள் பயன்படுத்துற சூத்திரத்துல போட்டா, முதல் அலை உடையும்போது சுமார் 1.8 மீட்டர், ரெண்டாவது சுமார் 1.9 மீட்டர். 1 மீட்டர் அலை கரைக்கு வரும்போது இன்னும் முக்கால் மீட்டருக்கு மேல கூடியிருக்கு, அது உண்மை. ஆனா இது காகிதக் கணக்கு, உச்ச அளவு. சாய்ஞ்சு வர்ற அலை கரைப் பக்கம் திரும்பும்போது முகடு விரிஞ்சு உயரத்தை இழக்கும். நம்ம கிழக்குக் கரையில பெரும்பாலும் அதுதான் நடக்குது.

திசையையும் பாருங்க. "தென்கிழக்கு"ன்னு சொல்லைப் பார்த்தாப் போதாது, டிகிரியைப் பாருங்க. வடக்கை 0-ன்னு வச்சு வலப்பக்கமா எண்ணினா, அலை எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுங்கிறது அது. வரைபடத்துல கோவளத்தையும் இலங்கையோட கிழக்கு முனையையும் இணைச்சு ஒரு கோடு போட்டா அது சுமார் 165 டிகிரியில போகும். 150, 155 டிகிரின்னா இலங்கையைத் தாண்டித் தடையில்லாம வரும். 175, 180-ன்னா இலங்கை குறுக்கே நிக்குது. அதோட ஓரத்துல வளைஞ்சு கொஞ்சம் கசிஞ்சு வரும், அவ்வளவுதான். எண் பெருசா இருந்தும் கடல் குளம் மாதிரி கிடக்கிற சனிக்கிழமைகளுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

நெய்தல்

உயரம் சமம் என்பதால் அலை ஒன்று என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். உடையும் விதம் முற்றிலும் வேறு. அலையின் செங்குத்தையும் தரையின் சரிவையும் ஒப்பிட்டு ஒரு எண் கணக்கிடுவார்கள், இரிபாரென் எண் என்று பெயர். தரைச் சரிவை, உயரத்தை அலைநீளத்தால் வகுத்த எண்ணின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 30 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் கரையை எடுத்துக்கொள்ளுங்கள். 1.5 மீட்டர், 7 நொடி அலைக்கு விடை 0.24. 1 மீட்டர், 14 நொடி அலைக்கு 0.58. சுமார் 0.5-க்குக் கீழே இருந்தால் உச்சியிலிருந்து நுரை வழிந்தபடி மெதுவாக உடையும். அதற்கு மேலே போனால் உதடு, அதாவது முகட்டின் நுனி, முன்னே பாய்ந்து விழும், உள்ளே குழல் போன்ற வெற்றிடமும் உண்டாகும். அதாவது அதே மணலில், ஏறக்குறைய அதே உயரத்தில், ஒன்று புதியவருக்கு இடம் கொடுக்கும் அலை, இன்னொன்று எழ ஒரு நொடிகூடத் தராமல் தலைகீழாகத் தூக்கிப் போடும் அலை.

இன்னொன்று. நீண்ட நொடி அலையின் முகடுகள் நீண்டவை. அது நேரான மணற்கரையில் வந்தால் நூறு மீட்டர் முகடு ஒரே நேரத்தில் மடியும். போக இடமே இருக்காது. அதே அலை பாறை முனையைச் சுற்றி வளைந்தால்தான் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பழத்தோல் உரிவது போல உடையும். கோவளம் முனையில் வலது பக்கமாக நீண்டு உரியும் அலை அப்படி உருவாவதுதான். முனையருகே ஆழம் குறைவு, அங்கே அலை மெதுவாகிறது. வெளியே ஆழம் அதிகம், அங்கே வேகம் குறையவில்லை. அதனால் முகடு வளைந்து முனையைக் கட்டிக்கொள்கிறது. ஆகவே கேள்விக்கு என் பதில்: 14 நொடி என்றால் முனைக்குப் போங்கள். 7, 8 நொடி என்றால் முனையில் பெரிதாக எதுவும் இருக்காது, திறந்த மணற்கரையில் அங்கங்கே கூம்புகளாக எழும் சிறு அலைகள் போதும். கற்றுக்கொள்கிறவருக்கு இரண்டாவதே பெரும்பாலும் நல்லது. "நீண்ட நொடி என்றால் நல்ல அலை" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லப்படுவதை நான் ஏற்கமாட்டேன்.

மடிவாளா_எட்டடி

ஒத்துக்கிறேன் அக்கா. ஆனா ஒரு விஷயம் 14 நொடிக்குச் சாதகமா இருக்கு. ரெண்டு அலைக்கு நடுவுல 14 நொடி கிடைக்குது, வெளியே பேடில் பண்ணிப் போக மூச்சு விட நேரம் இருக்கும். 7 நொடியில ஒண்ணைத் தாண்டி போர்டைத் திருப்புறதுக்குள்ள அடுத்தது மூஞ்சியில அடிக்கும்.

நெய்தல்

அது சரிதான். வெளியே போவதற்கு நீண்ட நொடி எளிது, ஏறுவதற்கு எளிதல்ல.

ஹலசூர்க்கரை

காத்து, ஏத்தவத்தம் (கடல் மட்டம் ஏறி இறங்குறது) இதெல்லாம் எவ்வளவு முக்கியம்? பஸ் காலையில போய்ச் சேர்ற நேரத்தைப் பொறுத்துத்தான் தண்ணியில இறங்கவே முடியும்.

கச்சான்காத்து

காத்துதான் நாளைத் தீர்மானிக்கும். ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் கிழக்குக் கரையில காலையில கச்சான், அதாவது மேற்கத்திக் காத்து, நிலத்துலேர்ந்து கடலுக்கு வீசும். அது அலையோட முகத்தை, அதாவது முன்சரிவை, எதிர்த்துத் தள்ளி, உதடு சீக்கிரம் விழாம பிடிச்சு வைக்கும். முகம் கண்ணாடி மாதிரி இருக்கும். நிலம் சூடானதும், பொதுவா 11 மணியிலேர்ந்து 1 மணிக்குள்ள, கடல்காத்து திரும்பிடும். அப்புறம் முகம் முழுக்க மேடு பள்ளம், அலை கண்ட இடத்துல நொறுங்கும். அதனால 6-லேர்ந்து 10 மணிதான் உங்க நேரம். 9 மணிக்குப் போய்ச் சேர்ற பஸ்ஸுல போனா பாதி நாள் பஸ்ஸுலயே போச்சு. கச்சான் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டினா புதுசா கத்துக்கிறவங்களுக்கு இன்னொரு தொல்லை: எழும்போது காத்து போர்டோட மூக்குக்கு அடியில புகுந்து பின்னாடி தள்ளும். கடைசி ரெண்டு கை பேடிலை இன்னும் பலமாப் போடணும்.

ஏத்தவத்தத்தைப் பொறுத்தவரை, சென்னைப் பக்கம் அமாவாசை, பௌர்ணமி ஒட்டி சுமார் 1 மீட்டர், மத்த நாள்ல அதுல பாதியோ அதுக்கும் கம்மியோதான். மும்பையில 4, 5 மீட்டர் வரைக்கும் ஏறி இறங்குற மாதிரி இங்கே கிடையாது. ஆனாலும் 30-க்கு 1 சரிவுல 1 மீட்டர் தண்ணி இறங்கினா அலை உடையுற கோடு 30 மீட்டர் வெளியே நகரும். காலையில ஒரு இடத்துல உட்கார்ந்து நல்லா பிடிச்சிட்டு, ரெண்டு மணி நேரம் கழிச்சும் அதே இடத்துல காத்திருந்தா அலை உங்களுக்கு முன்னாடியோ பின்னாடியோதான் உடையும்.

வடகிழக்குப் பருவத்துல, அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும், வாடையும் கொண்டலும் கடல்லேர்ந்து கரைக்கு அடிக்கும். நீரோட்டம் இழுக்கும், ஆத்துத் தண்ணி கலங்கி வரும். அந்த மூணு மாசம் கத்துக்கிறதுக்கு ஏத்த காலம் இல்லை.

பானஸ்வாடி_வலை

மேற்குக் கரையில மங்களூர் பக்கத்துல இருக்கிற முல்கிக்குப் போகலாமேன்னு யாராவது கேப்பீங்க. அது அப்படியே தலைகீழ். ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரை மேற்குக் கரையில தென்மேற்குப் பருவக்காத்து நேராக் கரையில மோதும், அந்தக் கடல்ல இறங்கவே கூடாது. அக்டோபர் கடைசியிலேர்ந்து மே வரைக்கும் காலையில நிலக்காத்தோட, இடுப்பளவு, முழங்காலளவு அலைகள். ஷாம்பவி ஆத்து முகத்துவாரத்துல மணல்திட்டு அமைஞ்சா, அங்கே அலை ரெண்டு பக்கமும் அழகா உரியும். ஆனா முகத்துவார மணல் நிரந்தரம் இல்லை. ஒவ்வொரு மழைக்காலமும் ஆறு அதைத் தள்ளி வேற இடத்துல போடும். போன வருஷப் படத்தை நம்பிப் போகாதீங்க, அங்கே இருக்கிற சர்ஃப் பள்ளிக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க. வத்தம் பலமா இறங்கும்போது ஆத்துத் தண்ணி கடலுக்கு இழுக்கும், அந்த நேரத்தைத் தவிர்க்கணும்.

ஹலசூர்க்கரை

இப்போ ரெண்டாவது கேள்வி. தண்ணியில உட்கார்ந்திருக்கும்போது எந்த அலையை எடுக்கணும்?

நெய்தல்

தண்ணீரில் இறங்குவதற்கு முன் கரையில் 20 நிமிடம் நில்லுங்கள். இதைத் தவிர்க்கிறவர்கள்தான் அதிகம், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். பெரிய அலைகள் தனித்தனியாக வருவதில்லை, மூன்று முதல் ஆறு வரை கூட்டமாக வரும். ஏனென்றால் கடலில் ஒரே நொடி அலை மட்டும் ஓடுவதில்லை. 12 நொடி அலையும் 13 நொடி அலையும் சேர்ந்து வந்தால், 156 நொடிக்கு ஒருமுறை இரண்டின் முகடும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும், நடுவில் ஒன்றையொன்று அழிக்கும். உண்மையான கடலில் இன்னும் பல நொடிகள் கலந்திருப்பதால் இடைவெளி இவ்வளவு ஒழுங்காக இராது. ஆனாலும் அன்றைக்கு இரண்டு நிமிடமா, பத்து நிமிடமா என்பது 20 நிமிடத்தில் தெரிந்துவிடும். நம் மீனவர்கள் படகைத் தள்ள அலை தணியும் நேரத்துக்குக் காத்திருப்பது இதே கணக்கில்தான். அவர்கள் தள்ளும்போது நீங்களும் கிளம்பினால் தவறாது. ஆனால் படகு, வலை வரும் வழியில் நிற்காதீர்கள், அந்தக் கரை அவர்களுடைய தொழிலிடம்.

கரையிலிருந்தே இரண்டு அடையாளம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தென்னைக்குப் பின்னால் ஒரு கட்டடம் என நேர்கோட்டில் ஒன்று, பக்கவாட்டில் பாறையோ கோபுரமோ இன்னொன்று. கூட்டத்தின் பெரிய அலை முதலில் உடைந்த இடத்தை அந்த இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளியாக நினைவில் வையுங்கள். உள்ளே போனபின் நீரோட்டம் உங்களை நகர்த்துவது உங்களுக்கே தெரியாது, அடையாளம் விலகுவதுதான் சொல்லும்.

அலை சுமாராக அதன் உயரத்தைப் போல 1.3 மடங்கு ஆழத்தில் உடையும். 1 மீட்டர் அலை என்றால் 1.3 மீட்டர் நீரில். தலைகுப்புறக் குதிக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம், அடியில் மார்பளவு தண்ணீர்தான்.

வரும் அலையில் முதலில் உச்சியைத் தேடுங்கள், முகட்டுக் கோட்டில் மற்ற இடத்தைவிடச் சற்றே உயர்ந்து கறுத்திருக்கும் இடம் அது. அதற்கு இரு பக்கமும் கோடு தாழ்ந்து போனால் தோள் இருக்கிறது, உரியும். கோடு ஒரே மட்டமாக அடிவானத்தை மறைத்தால் மொத்தமாக மடியும், விட்டுவிடுங்கள். உச்சியிலிருந்து ஒன்றிரண்டு போர்டு நீளம் தோள் பக்கம் தள்ளி நிற்பது தொடக்கத்துக்குச் சரியான இடம். உச்சிக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை உரியது. அவர் எழுந்துவிட்டால் நீங்கள் ஏறக்கூடாது.

கச்சான்காத்து

உரியுற வேகத்தைப் பத்தி ஒரு கணக்கு சேர்த்துக்கறேன். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் கம்மியான அலை, உடையுற இடத்துல நொடிக்கு 4, 5 மீட்டர் வேகத்துல கரைக்கு வரும். முகட்டுக்கும் நுரை விட்டுட்டுப் போற தடத்துக்கும் நடுவுல இருக்கிற கோணம் 60 டிகிரின்னா, நொடிக்கு 5 மீட்டர் வேகத்துல வர்ற அலையில நீங்க நொடிக்கு 5.8 மீட்டர் போனாப் போதும், அதாவது மணிக்கு 21 கிலோமீட்டர். கோணம் 30 டிகிரின்னா 10 மீட்டர் போகணும், மணிக்கு 36 கிலோமீட்டர். அதுக்கும் கம்மியான கோணத்துல தேர்ந்த ஆளுங்களே நுரையில சிக்குவாங்க. கரையிலேர்ந்து பாக்கும்போது ஒருத்தர் நுரைக்கு முன்னாடி நிதானமா ஓட முடியுதான்னு கவனிச்சாலே கோணம் புரிஞ்சிடும்.

ஹலசூர்க்கரை

பொதுவா நடக்கிற ரெண்டு தப்பு: ஒண்ணு, மூக்கு குத்தித் தலைகீழா விழறது. இன்னொண்ணு, பேடில் பண்ணியும் அலை அடியில கடந்து போயிடறது. ரெண்டுக்கும் எதிரெதிர் மருந்து சொல்றாங்க. எதை நம்புறது?

மடிவாளா_எட்டடி

ரெண்டும் ஒரே காரணத்தோட ரெண்டு முனை. கையால எவ்வளவு பேடில் பண்ணாலும் நொடிக்கு ஒண்ணரை மீட்டர் சுத்துதான் போக முடியும். அலை 4, 5 மீட்டர்ல வருது. கையால அதோட வேகத்தை யாராலயும் எட்ட முடியாது. மீதி வேகத்தைக் கொடுக்கிறது சரிவுதான். அலை போர்டோட வாலைத் தூக்கினதும் போர்டு சரிவுல வழுக்க ஆரம்பிக்கும். உங்க பேடில் அந்த வழுக்கல் தொடங்க உதவுது, அவ்வளவுதான்.

அலை கடந்து போகுதுன்னா மூணு காரணம் பாருங்க. ரொம்ப வெளியே உட்கார்ந்திருக்கீங்க, அங்கே சரிவே இல்லை. இல்லைன்னா போர்டுல ரொம்பப் பின்னாடி படுத்திருக்கீங்க, மூக்கு வானத்தைப் பார்க்குது, வால் தண்ணிக்குள்ள பிரேக் போடுது. இல்லைன்னா வால் தூக்கினதுமே பிடிச்சாச்சுன்னு கையை நிறுத்திட்டீங்க. இதுதான் ரொம்பச் சகஜம். வால் தூக்கினபிறகு இன்னும் மூணு கை, முன்னாடி போட்டதைவிட ஆழமா, நீளமாப் போடணும்.

மூக்கு குத்துதுன்னா: ரொம்ப உள்ளே இருந்து நேரம் கடந்து ஏறினீங்க, அல்லது முன்னாடி தள்ளிப் படுத்திருக்கீங்க, அல்லது செங்குத்தான முகத்துல நேராக் கரையைப் பாத்து இறங்கினீங்க. படுத்திருக்கும்போது மூக்கு தண்ணிக்கு மேல 3-லேர்ந்து 5 சென்டிமீட்டர் இருக்கணும். தட்டையான தண்ணியில அந்த இடத்தைக் கண்டுபிடிச்சு, நெஞ்சு படுற இடத்துல போர்டுமேல மெழுகால ஒரு கோடு போட்டுக்கங்க. கடைசி ரெண்டு கையில போர்டைத் தோள் பக்கம் 20, 30 டிகிரி திருப்புங்க. சாய்ஞ்சு போனா சரிவு குறையும், மூக்கு தப்பிக்கும்.

எழும்போது உள்ளங்கை கீழ் விலா எலும்புக்குப் பக்கத்துல போர்டுமேல தட்டையா இருக்கணும். ஓரத்தைப் பிடிச்சு எழுந்தா போர்டு ஒருபக்கம் சாயும். முழங்கால் ஊன்றக் கூடாது. முன்கால் போர்டு நடுவுல, பின்கால் போர்டுக்கு அடியில இருக்கிற துடுப்புக்கு (ஃபின்) மேல. கண் எங்கே பாக்குதோ உடம்பு அங்கே போகும். மூக்கைப் பாத்தா மூக்கோட கீழே போவீங்க, தோளைப் பாருங்க.

நெய்தல்

ஏன் குறுக்கே போக வேண்டும் என்பதையும் சொல்லிவிடலாம். அலை கரைக்கு வருகிறது, தண்ணீர் வருவதில்லை. உடையாத முகத்தில் தண்ணீர் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. போர்டு கீழே வழுக்க, தண்ணீர் அதை மேலே தூக்க, இரண்டும் சமமாகும் வரை முகத்திலேயே இருப்பீர்கள். ஏறும் தண்ணீரைப் போர்டின் அலைப்பக்க ஓரமும் துடுப்பும் பிடித்துக்கொள்வதால்தான் அது பக்கவாட்டு ஓட்டமாக மாறுகிறது. நேராகக் கரைக்கு இறங்கினால் தட்டைத் தண்ணீரை அடைந்து வேகம் செத்துவிடும், பின்னாலிருந்து நுரை வந்து தூக்கும்.

பானஸ்வாடி_வலை

போர்டு விஷயம். 70 கிலோ ஆளுக்கு 30 லிட்டர் கன அளவுள்ள குட்டை போர்டு வாடகைக்கு எடுக்காதீங்க, பாக்க அழகா இருக்கும், அலை ஒண்ணுகூடப் பிடிக்காது. லிட்டர் எண் உங்க கிலோ எண்ணைவிடக் குறையாம இருக்கட்டும், மேல்பரப்பு மெத்துன்னு இருக்கிற 8 அடி சாஃப்ட்-டாப் போர்டு சரியா இருக்கும். கால்கயிறு போர்டு நீளத்துக்குச் சமமா இருக்கணும், கணுக்கால் பட்டையும் வால்பக்க முடிச்சும் தேய்ஞ்சிருக்கான்னு இழுத்துப் பாருங்க. இவ்வளவு மிதப்பான போர்டைத் தண்ணிக்கு அடியில அமுக்க முடியாது. நுரை வரும்போது ஓரங்களைப் பிடிச்சுக்கிட்டு போர்டோட தலைகீழாப் புரண்டு, மூக்கை அலைக்குள்ள இழுத்துப் பிடிங்க, கடந்ததும் திரும்பிப் புரளுங்க. போர்டை மட்டும் விட்டுட்டு முங்காதீங்க. கயிறும் போர்டும் சேர்ந்து பின்னாடி 5 மீட்டருக்கு சுழலும், அங்கே இன்னொருத்தர் மண்டை இருக்கும். விழும்போது தட்டையா விழுங்க, மேலே வரும்போது ஒரு கை தலைக்கு மேல இருக்கட்டும்.

இழுவை நீரோட்டத்தை எல்லாரும் தெரிஞ்சுக்கணும். ரெண்டு பக்கமும் நுரை இருந்து நடுவுல ஒரு இடம் மட்டும் அலை உடையாம, கறுத்து, மேல் பரப்பு சுருங்கி, நுரை கடல் பக்கம் போயிட்டிருந்தா அதுதான். குளிக்க வர்றவங்க அமைதியான இடம்னு நினைச்சு அங்கேதான் இறங்குவாங்க. அதை எதிர்த்துக் கரைக்கு நீந்தாதீங்க, கரைக்கு இணையாப் போய் நுரை இருக்கிற இடத்துக்கு வந்து, அலையோட உள்ளே வாங்க. போர்டை விடாதீங்க, அதுதான் மிதவை.

முன்னறிவிப்புல 16, 18 நொடின்னு வந்தா உயரம் சின்னதா இருந்தாலும் யோசிங்க. கேரளத்துலயும் குமரியிலயும் கள்ளக்கடல்னு சொல்றது இதைத்தான்: இங்கே காத்தே இருக்காது, வானம் தெளிவா இருக்கும், தெற்கேயிருந்து நீண்ட அலை சொல்லாம வந்து கரையில ஏறும். 2024 மே மாசம் குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில 5 மருத்துவ மாணவர்கள் இறந்தது அப்படி எச்சரிக்கை இருந்த நாள்கள்லதான். ஹைதராபாத்துல இருக்கிற இன்காய்ஸ் நிறுவனம் இதுக்குன்னே எச்சரிக்கை வெளியிடுது. எச்சரிக்கை இருந்தா டிக்கெட்டை ரத்து பண்ணுங்க.

ஹலசூர்க்கரை

ரொம்ப நன்றி. இப்போ பார்த்தேன்: சனிக்கிழமை 0.9 மீட்டர், 13 நொடி, 158 டிகிரி. காலை 6 மணிக்குக் காத்து மேற்கு, மணிக்கு 12 கிலோமீட்டர். இன்காய்ஸ் எச்சரிக்கை எதுவும் இல்லை. போகலாமா?

நெய்தல்

போகலாம். முனையில் தேர்ந்தவர்கள் நிறைய இருப்பார்கள், அங்கே உச்சிக்குப் போக வேண்டாம். முனையிலிருந்து வடக்கே தள்ளி, வளைந்து வந்து சிறுத்துப்போன அலையின் கடைசிப் பகுதியை எடுங்கள். அங்கே கோணம் பெரிது, உயரம் பாதி.

கச்சான்காத்து

பஸ் ராத்திரி 10 மணிக்கு முன்னாடி கிளம்பறதாப் பாருங்க.